விலங்குகளுக்கு ரெய்கி: கை வைப்பதற்கு முன்னும் பின்னும்

உடலின் மேல் கை வைத்துச் சக்தியைப் பாய்ச்சுவதாகச் சொல்லும் ஜப்பானிய முறையான ரெய்கியை நான் கற்றிருக்கிறேன் என்று தெரிந்ததும் நாய், பூனை வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது, "இது குணமாக்குமா?" என்றுதான். ஆக்காது என்பதே என் பதில். கட்டியைக் கரைக்காது, கிருமியைக் கொல்லாது, தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. கேட்டவரின் முகம் வாடிவிடும். "அப்படியானால் எதற்காகச் செய்கிறீர்கள்?" என்று அடுத்ததாகக் கேட்பார். அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

ரெய்கியில் இரண்டாம் நிலை வரை தீட்சை பெற்றவன் நான். எங்கள் வீட்டு நாய் செவலைக்கு முதுமையில் இடுப்பு மூட்டு தேய்ந்து, படுத்தால் எழுந்திருக்கவே தயங்கத் தொடங்கிய காலத்தில்தான் விலங்குகள் பக்கம் வந்தேன். பிறகு ஒரு விலங்குக் காப்பகத்தில் தன்னார்வலனாகச் சேர்ந்து, மீட்டுக் கொண்டுவரப்பட்ட நாய்களோடும் பூனைகளோடும் உட்காரத் தொடங்கினேன். இங்கே எழுதுவதெல்லாம் அந்த இரண்டு இடங்களில் பார்த்தது, பார்த்ததைச் சரிபார்க்கப் படித்தது.

ரெய்கியின் கதை அவ்வளவு பழையது அல்ல. ஜப்பானில் மிகாவோ உசுயி என்பவர் 1922இல் கியோட்டோவுக்கு அருகிலுள்ள குராமா மலையில் 21 நாள் நோன்பிருந்து இதைப் பெற்றதாக மரபு சொல்கிறது. அவருடைய மாணவர் சுஜிரோ ஹயாஷியிடம் கற்ற ஹவாயோ தகாதா, 1930களின் இறுதியில் ஹவாய்க்குக் கொண்டுவந்தார். 1980இல் அவர் இறப்பதற்குள் 22 பேரை மாஸ்டர்களாக, அதாவது பிறருக்குக் கற்றுத் தருபவர்களாக, ஆக்கியிருந்தார். இன்று உலகம் முழுவதும் பரவியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் கிளையிலிருந்து வந்ததுதான். ஆயிரம் ஆண்டுப் பழமை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா கோக் சுயி உருவாக்கிய பிராணிக் ஹீலிங், அமெரிக்காவில் 1970களில் செவிலியர்களிடையே பரவிய தெரபியூட்டிக் டச் ஆகியவையும் இதே குடும்பம். கையிலிருந்தோ கை வழியாகவோ ஏதோ ஒரு சக்தி பாய்கிறது என்பது மூன்றுக்கும் பொதுவான அடிப்படை.

அந்தச் சக்தி இருக்கிறதா? இதை நேரடியாகச் சோதித்தவர் ஒரு சிறுமி. எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி, தெரபியூட்டிக் டச் செய்யும் 21 பேரை ஒரு தடுப்புக்குப் பின்னால் கைகளை நீட்ட வைத்தார். அவர்களுடைய எந்தக் கைக்கு மேல் தன் கையை வைத்திருக்கிறார் என்று அவர்கள் சொல்ல வேண்டும். மொத்தம் 280 முறை. சரியாகச் சொன்னது 44 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட ஏறக்குறைய பாதி சரியாக இருந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இது வெளிவந்தபோது எமிலிக்கு வயது 11. ரெய்கி வகுப்புகளில் இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

"என் கையில் சூடு தெரிகிறதே, அது என்ன?" என்று சக பயிற்சியாளர்கள் கேட்பார்கள். எனக்கும் தெரியும் அந்தச் சூடு. நாயின் உடல் வெப்பநிலை இயல்பாகவே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம் உள்ளங்கைத் தோலோ அதைவிடப் பல டிகிரி குளிர்ந்தது. அடர்ந்த ரோமத்தின் மீது அசையாமல் கையை வைத்திருந்தால், வெளியேற வேண்டிய வெப்பம் கைக்கும் தோலுக்கும் இடையில் தேங்கும். கை சூடாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதைச் சொன்னதற்காக ஒரு பயிற்சி முகாமில் என்னை அடுத்த வேளைப் பேச்சுக்கு அழைக்கவில்லை.

இன்னொரு வாதம் உண்டு, இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. "மனிதனுக்கு நம்பிக்கை உண்டு, அதனால் பிளாசிபோ, அதாவது நம்பிக்கையால் மட்டுமே வரும் பலன், வேலை செய்யலாம். நாய்க்கு ரெய்கி என்றால் என்னவென்றே தெரியாது. அது நன்றாக நடக்கிறது என்றால் சிகிச்சை உண்மையாகவே வேலை செய்கிறது என்றுதானே பொருள்?" கேட்கும்போது மறுக்க முடியாததுபோல் தோன்றும். ஆனால், நாய் நன்றாக நடக்கிறது என்று சொல்வது நாய் அல்லவே. சொல்வது நாம்.

2012இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் கான்செமியஸ், எவன்ஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூட்டுத் தேய்மானத்தால் நொண்டும் நாய்களுக்கான ஒரு மருந்துச் சோதனையில், மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்ற 58 நாய்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு காலும் தரையில் எவ்வளவு எடையை ஊன்றுகிறது என்பதை அளக்கும் கருவியின் மீது நாய்களை நடக்க வைத்தார்கள். அதே நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடமும் மருத்துவர்களிடமும் கேட்டார்கள். கருவி காட்டாத முன்னேற்றத்தை மனிதக் கண் கண்டது. வளர்ப்பவர்களின் மதிப்பீட்டில் சுமார் 57 சதவீதம் இப்படி ஏமாந்தது. பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர்களின் மதிப்பீட்டிலேயே 40 முதல் 45 சதவீதம் வரை. பராமரிப்பவரின் பிளாசிபோ என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மனித மருத்துவத்தைக் காட்டிலும் விலங்கு மருத்துவத்தில் இது ஆபத்தானது. மனிதன் "இன்னும் வலிக்கிறது" என்று சொல்லிவிடுவான். நாய் வாலை ஆட்டும்.

மூட்டுவலி ஒரே சீராக இருப்பதுமில்லை. சில வாரங்கள் ஏறும், சில வாரங்கள் இறங்கும். நாம் சிகிச்சையைத் தேடி ஓடுவது அது உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான். அந்த இறக்கத்தின் பெருமை, அப்போது பக்கத்தில் யார் கை வைத்திருந்தாரோ அவருக்குப் போய்ச் சேர்கிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு நான் ஏன் இன்னும் தரையில் உட்கார்ந்து நாயின் தோளில் கை வைக்கிறேன்? தொடுகைக்கு, அமைதிக்கு, அவசரமில்லாத ஒரு மனிதன் பக்கத்தில் இருப்பதற்குப் பலன் உண்டு என்பதால். அதற்குச் சான்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஒடெண்டால், மெயின்ட்ஜெஸ் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரும் நாயும் இதமாகப் பழகிக்கொண்டிருந்தபோது இருவருக்குமே இதமான உணர்வோடு தொடர்புள்ள ஆக்சிடோசின், டோபமைன் முதலிய உடல் வேதிப்பொருட்கள் கூடின. இதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று இருக்கிறது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் கணிசமாகக் குறைந்தது மனிதருக்கு மட்டும்தான். நாய்க்கு நாம் ஆறுதல் தருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது யாருக்கு அதிகம் கிடைக்கிறது என்பதை இது கொஞ்சம் குறும்பாகக் காட்டுகிறது.

உட்காரும் முறை

என்னைப் பொறுத்தவரை முழு வேலையும் கை வைப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மனிதர்களுக்கான ரெய்கியில் தலை, தொண்டை, மார்பு, வயிறு என்று கை வைக்க வேண்டிய இடங்களின் வரிசை உண்டு. அதை அப்படியே நாய்க்குக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேசை மேல் ஏற்றி, ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரம் எனப்படும் சக்தி மையங்கள் ஒவ்வொன்றின் மேலும் கை வைத்துப் போவார். நாய் அசையாது. "பாருங்கள், எவ்வளவு அமைதி!" என்பார்கள். பயந்த நாயும் அசையாது. முயலை மல்லாத்திப் போட்டால் உறைந்துபோய்க் கிடக்குமே, அதைச் சிலர் சுகமாகத் தூங்குவதாக எண்ணிப் படம்கூட எடுப்பார்கள். வேட்டையாடும் விலங்கின் பிடியில் சிக்கியதாக உணரும் உடலின் கடைசிப் பாதுகாப்பு அது. அசைவின்மையை அமைதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் இந்த வேலைக்கு வரும் எவருக்கும் முதலில் சொல்வேன்.

நான் செய்வது இது. கதவைத் திறந்து வைக்கிறேன், அல்லது விலங்கு விலகிப் போக வழி இருக்கும் இடமாகத் தேர்கிறேன். தரையில், அதற்குப் பக்கவாட்டில் உட்காருகிறேன். நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பதில்லை. கைகள் என் மடியிலேயே இருக்கும். என் மூச்சு நிதானத்துக்கு வரும்வரை வேறெதுவும் செய்வதில்லை. ரெய்கி கற்றதால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்த இடம்தான். ஒன்றும் செய்யாமல், தொலைபேசியைத் தொடாமல், கால் மணி நேரம் உட்காரும் பொறுமையை அந்தப் பயிற்சி கொடுத்தது.

விலங்கு வரலாம், வராமலும் போகலாம். வந்தால் நாயின் மார்புப் பக்கம், தோள், விலாவின் பக்கவாட்டில் கை வைக்கிறேன். பூனையானால் கன்னம், தாடை, காதின் அடிப்பகுதி. பூனையின் வயிறும் வால் தொடங்கும் இடமும் நமக்கானவை அல்ல. நாயின் உச்சந்தலையில் மேலிருந்து கை இறக்குவதும், பாதங்களைப் பிடிப்பதும் வேண்டாம். அழுத்தம் தருவதில்லை. கையின் எடைகூட முழுதாக இறங்காமல் வைத்திருப்பேன். மூன்று முதல் ஐந்து விநாடி கழித்துக் கையை எடுத்துவிடுவேன். இதுதான் சோதனை. கை போன பிறகு விலங்கு சாய்ந்து வந்தால், முகத்தால் முட்டினால், மீண்டும் வைக்கலாம். அப்படியே இருந்தால் காத்திருக்கலாம். தலையைத் திருப்பிக்கொண்டால், எழுந்து போனால் அன்றைக்கு அவ்வளவுதான். கட்டணம் வாங்கும் ஹீலருக்கு இது சங்கடம். ஒரு மணி நேரத்துக்குப் பணம் வாங்கிவிட்டு, நாய் இரண்டாவது நிமிடத்தில் எழுந்து போனால் என்ன செய்வார்? அதனால்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

கொட்டாவி, உதட்டை நக்குவது, உடலை உதறிக்கொள்வது ஆகியவற்றை "தேங்கிய சக்தி வெளியேறுகிறது" என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். நாய்களின் உடல்மொழியைப் படித்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். நார்வேயைச் சேர்ந்த நாய்ப் பயிற்சியாளர் துரித் ருகாஸ், கொட்டாவியையும் உதட்டை நக்குவதையும் முகம் திருப்புவதையும் பதற்றத்தைத் தணிக்க நாய் தரும் சைகைகளாக விளக்கினார். தூக்கக் கலக்கத்தில் வரும் கொட்டாவியும் உண்டு, "கொஞ்சம் தள்ளி இரு" என்னும் கொட்டாவியும் உண்டு. வேறுபாடு உடலின் மற்ற இடங்களில் தெரியும். கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிகிறதா, காது பின்னால் ஒட்டியிருக்கிறதா, வாய் இறுக மூடியிருக்கிறதா, எடை முழுதும் உங்களை விட்டு விலகிய பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டாவியைக் கண்டதும் "ஆஹா, வேலை செய்கிறது" என்று கையை இன்னும் அழுத்தினால், விலங்கு அடுத்து உறுமும், அதற்கும் அடுத்து கடிக்கும். சைகையை முதலிலேயே சொல்லிவிட்டதால் குற்றம் அதன்மேல் இல்லை.

பூனை உர் உர் என்று ஒலி எழுப்புவதும் அப்படித்தான். சுகத்தில் எழுப்பும், கடும் வலியிலும் எழுப்பும், சாகும் தறுவாயிலும் எழுப்பும். காதை நம்பாமல் முகத்தைப் பார்ப்பது நல்லது. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019இல் வெளியிட்ட பூனை முக வலி அளவுகோல் இதற்கு மிகவும் உதவுகிறது. காதுகளின் நிலை, கண் சுருக்கம், மூக்கு, வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை முடிகள், தலையின் நிலை ஆகிய ஐந்துக்கும் சுழியம் முதல் இரண்டு வரை மதிப்பெண். பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்து தேவைப்படலாம் என்று பொருள். காப்பகத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனை கூண்டின் மூலையில் தலையைத் தோளுக்குக் கீழே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. ஓயாமல் உர் உர். "இதற்கு ரெய்கி ரொம்பப் பிடித்திருக்கிறது போல, அண்ணா" என்றாள் புதிதாக வந்திருந்த தன்னார்வலர் ஒருத்தி. காதுகள் வெளிப்புறமாகத் திரும்பி, கண் பாதி மூடி, மீசை முன்னோக்கி விறைத்திருந்தது. கையை எடுத்துவிட்டு மருத்துவரை அழைத்தோம். வாய்க்குள் கடைவாய்ப் பல் அழுகியிருந்தது. பல்லைப் பிடுங்கிய சில நாட்களில் அது தானாகவே மடிக்கு வந்தது, ரெய்கி எதுவும் இல்லாமலே.

சுற்றுப்புறம் பற்றி ஒரு வார்த்தை. ஊதுபத்தி, வாசனை எண்ணெய் ஆவியூட்டி, படிகக் கற்கள் என்று அறையை அலங்கரிப்பவர்கள் இருக்கிறார்கள். பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. பூனையின் கல்லீரலுக்குச் சில வேதிப் பொருட்களைச் சிதைக்கும் திறன் குறைவு. தேயிலை மர எண்ணெய் போன்றவை அதற்கு நஞ்சு. படிகக் கல்லை நாய் விழுங்கினால் அறுவை சிகிச்சை வரை போகும். அறையில் ஒரு விரிப்பும் குடிக்கத் தண்ணீரும் இருந்தால் போதும். குதிரையானால் அதுவும் வேண்டாம். அதன் நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் அதற்குக் கண் தெரியாத பகுதி இருக்கிறது, அங்கே நிற்காமல் இருந்தால் சரி.

நோட்டுப் புத்தகம்

செவலைக்கு ரெய்கி தொடங்கிய அன்றே ஒரு நோட்டும் தொடங்கினேன். என் கண்ணை நான் நம்பப் போவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். எண்ணக்கூடியதை மட்டும் எழுதினேன். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, படுத்த நிலையிலிருந்து நான்கு காலில் நிற்க எத்தனை விநாடி, படியை ஏறினானா தவிர்த்தானா, சாப்பிட்டது எவ்வளவு. வாரம் ஒரு முறை அதே இடத்தில், அதே நேரத்தில் நடக்க வைத்து ஒரு சிறு வீடியோ. அந்த வீடியோக்களை வரிசை மாற்றி, எது ரெய்கி நடந்த வாரம் எது இல்லாத வாரம் என்று சொல்லாமல் என் மனைவியிடம் காட்டி, நடைக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். அவளுக்கு ரெய்கியில் நம்பிக்கையும் இல்லை, வெறுப்பும் இல்லை. சரியான நடுவர்.

கிடைத்தது இரண்டு விதமான விடை. அமர்வு முடியும் நேரத்தில் செவலையின் மூச்சு எண்ணிக்கை தெளிவாகக் குறைந்திருந்தது, பெரும்பாலும் அப்படியே தூங்கியும் போனான். அது உண்மையான பலன்தான். வலியுள்ள முதிய நாய்க்குக் கலையாத தூக்கம் சிறிய விஷயமல்ல. ஆனால் நடையில் ரெய்கி வாரத்துக்கும் மற்ற வாரத்துக்கும் வேறுபாடு இல்லை. நடை மாறியது இரண்டு தருணங்களில். ஒன்று, மருத்துவர் வலி நிவாரணியின் அளவைத் திருத்தியபோது. இன்னொன்று, அவன் எடை இறங்கியபோது. பருமனான நாய்கள் உடல் எடையில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைத்தாலே நொண்டல் குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. செவலையும் அதைத்தான் காட்டினான். வழுக்கும் தரையில் விரிப்பு போட்டதும் உதவியது. இவற்றில் எதற்கும் தீட்சை தேவைப்படவில்லை.

மூச்சை எண்ணும் பழக்கம் மட்டும் தனியாகவே மதிப்புள்ளது. நன்றாகத் தூங்கும் நாயோ பூனையோ நிமிடத்துக்கு 30 முறைக்குக் குறைவாகத்தான் மூச்சு விடும். மார்பு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கலாம். தொடர்ந்து 30க்கு மேல் போனால் இதயக் கோளாறின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். அமர்வுக்காகப் பக்கத்தில் உட்காருகிறவர் இதைச் செய்தால், அவர் உட்கார்ந்ததற்கே ஒரு மருத்துவப் பயன் கிடைத்துவிடுகிறது.

பூனை வளர்ப்பவர்கள் "அது வயதாகிவிட்டது, அதனால் குதிப்பதில்லை" என்று சொல்லி ஹீலிங் கேட்டு வருவார்கள். வயது ஒரு நோயல்ல. 12 வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வொன்றில் 90 சதவீதப் பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. குதிப்பதை நிறுத்துவது, முதுகின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவது, மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிப்பது எல்லாம் வலியின் வெளிப்பாடாக இருக்கலாம். அதற்கு மருந்து இருக்கிறது. கையால் மட்டும் ஆற்றுப்படுத்திக்கொண்டிருப்பது அதற்குச் செய்யும் அநீதி.

எப்போது கையை எடுத்துவிட்டு ஓட வேண்டும்

துணை சிகிச்சை என்றால் துணையாகத்தான் இருக்க வேண்டும், முன்னால் போகக் கூடாது. சில நிலைகளில் ஒரு மணி நேரத் தாமதமே உயிரை வாங்கும். ஆண் பூனை சிறுநீர் கழிக்க மீண்டும் மீண்டும் முக்கி, துளியும் வராவிட்டால் அது அவசரநிலை. அகன்ற மார்புள்ள பெரிய நாய் வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஈறு வெளுத்தோ நீலமாகவோ தெரிந்தால், வாயைத் திறந்தபடி பூனை மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்தால் உடனே கிளம்ப வேண்டும். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், குறிப்பாகப் பருத்த பூனை, கல்லீரலில் கொழுப்பு தேங்கும் ஆபத்து தொடங்கிவிடும். "நாளைக்கு ஒரு ரெய்கி கொடுத்துப் பார்த்துவிட்டு" என்ற பேச்சே இங்கே எடுபடாது.

மனிதர்களின் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இயற்கை வழியை நாடுகிறவர்கள்தான் மருத்துவரைத் தவிர்த்துவிட்டு இதைச் செய்கிறார்கள். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது. இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மருத்துவரிடம் ரெய்கி பற்றிச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. செவலையின் மருத்துவரிடம் நான் சொன்னபோது அவர் சிரித்தார், ஆனால் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "இதையெல்லாம் எல்லோரும் எழுதிக்கொண்டு வந்தால் என் வேலை பாதி முடிந்துவிடும் சார்" என்றார். அறுவை சிகிச்சைத் தழும்பு, காயம், கட்டி, வீங்கிய மூட்டு ஆகியவற்றின் மேல் கை வைப்பதில்லை என்பதை அவரிடம் உறுதியாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவருக்கு எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை.

உயிர் பிரியும் காலத்தில் ஹீலரைத் தேடுகிறவர்கள் அதிகம். அந்த நேரத்தில் பக்கத்தில் அமைதியாக ஒருவர் இருப்பது விலங்குக்கும் வீட்டாருக்கும் பெரிய உதவி என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. "அது இன்னும் போகத் தயாராக இல்லை என்று என்னிடம் சொல்கிறது" என்று ஒரு ஹீலர் சொல்லிவிட்டால், வலியில் துடிக்கும் விலங்கு இன்னும் பல நாள் துடிக்கும். இப்படிப்பட்ட சமயத்தில் நான் நீட்டுவது அலிஸ் வில்லாலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்த வாழ்க்கைத் தர அளவுகோலை. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் வாழ்க்கை இன்னும் தாங்கக்கூடியதாக இருக்கிறது என்று கொள்ளலாம். வீட்டில் ஆளுக்கு ஆள் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால், அதுவரை பேச முடியாமல் இருந்த பேச்சு தொடங்கிவிடும். செவலைக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான் முடிவெடுத்தோம்.

இதைத் தொழிலாகச் செய்பவரிடம் போக நினைப்பவர்கள் அவர் கேட்கும் முதல் கேள்வியைக் கவனிக்க வேண்டும். கால்நடை மருத்துவர் பார்த்தாரா, என்ன சொன்னார் என்பது அவருடைய முதல் கேள்வியாக இல்லாவிட்டால் அங்கே தங்க வேண்டியதில்லை. நோயைக் கண்டறிந்து சொல்கிறவர், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், தடுப்பூசிதான் காரணம் என்கிறவர், பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்கிறவர் ஆகியோரிடமிருந்து விலகிவிடலாம். பிரிட்டனில் 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி விலங்கின் நோயைக் கண்டறிவதும் சிகிச்சை தருவதும் பொதுவாகப் பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. வேறு பல நாடுகளிலும் இத்தகைய சட்டம் உண்டு. புகைப்படத்தை அனுப்பினால் தொலைவிலிருந்தே ஹீலிங் செய்வதாகச் சொல்கிறவர்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கை வைப்பதில் பயனுள்ளதாக நான் கண்ட அனைத்தும், அதாவது தொடுகை, நிதானம், கவனிப்பு, மூச்சை எண்ணுவது, அந்த முறையில் இல்லாமல் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது எமிலி ரோசாவின் தடுப்புக்குப் பின்னால் தோற்றுப்போன பகுதி மட்டும்.

காப்பகத்தில் புதிய தன்னார்வலர்களுக்கு வகுப்பெடுக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. ரெய்கி சொல்லித் தருவதில்லை. பக்கவாட்டில் உட்காரவும், மூச்சை எண்ணவும், விலங்கின் முகத்தைப் படிக்கவும், ஐந்தாவது விநாடியில் கையை எடுக்கவும் பழக்குகிறேன். கையை எடுக்கப் பழகுவதற்குத்தான் அவர்களுக்கு அதிக நாள் ஆகிறது. தீட்சையும் வேண்டும் என்று கேட்பவர்களிடம், அதை வேறிடத்தில் பெற்றுக்கொள்ளுங்கள், நோட்டை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போங்கள் என்கிறேன்.